அந்தமான் என்று நான் வைத்த பெயர்

செப். 2, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மழை வருவதுபோல் பாவ்லா காட்டிவிட்டு மேகம் கிண்டிப் பக்கம் போய்விட்டது.

செய்ய வேண்டியவை: கேஸ் புக் பண்ண. முழங்காலுக்குத் தைலம். ஆபீசுக்கு லீவு லெட்டர் (எந்தத் தேதிக்கு என்று முடிவாகவில்லை, லெட்டர் கைவசம் இருப்பது நல்லது). பேட்டை வார இதழுக்குப் பத்தி, வெள்ளிக்குள்.

நான்கு மணிக்கு கால்பந்து கிளப் மேனேஜர் போன். அடையாறு நாரைகளுக்குச் சொந்த மைதானம் தயார்! இத்தனை வருடமாக மந்தைவெளி மாநகராட்சித் திடலில் இரவலுக்கு ஆடிக்கொண்டிருந்தோம். கோல் கம்பத்தில் யாராவது வேட்டி காயப்போட்டிருப்பார்கள். அதை எடுத்தபின்தான் ஆட்டம். இனி சொந்த வீடு. வேளச்சேரி தாண்டி, பள்ளிக்கரணை தாண்டி, இன்னும் கொஞ்சம் தாண்டி.

பெயர்தான் சிக்கல். முதலாளி தன் அம்மா பெயரை வைத்துவிட்டார்: கோகிலாம்பாள் நினைவுப் பன்னோக்கு விளையாட்டரங்க வளாகம். இதைக் கேலரியில் நின்று கத்தி முடிப்பதற்குள் எதிரணி இரண்டு கோல் போட்டுவிடும். ஆகவே செல்லப்பெயர் ஒன்றை ரசிகர்களே வைத்துக்கொள்ளலாமாம். ரோட்டைப் பார்த்த பெரிய சுவரில், இரண்டு ஆள் உயர எழுத்தில் எழுதித் தருவார்களாம். பெயிண்டர் 14, ஞாயிறு காலை வருகிறார். சனி சாயங்காலத்துக்குள் பெயர் வேண்டும். நாலு பேர் கமிட்டி. செயலாளர் நான். “நீங்கதானே சார் எழுதறவரு.”

வசந்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். “நம்ம பொண்ணுக்குப் பேர் வைக்கவே உங்களுக்குப் பதினோரு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் பாப்பா. புனேல வேலைக்குப் போனப்பறமும் பாதி சொந்தக்காரங்களுக்கு அவ பாப்பாதான்.”

தைலம் வாங்க மறந்தாயிற்று.


செப். 4, வியாழன்

வெயில். கமிட்டி முதல் கூட்டம், பாண்டியண்ணனின் பாத்திரக்கடை மாடி, தி.நகர். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து கடைக்கு நான் நடக்கவில்லை, கூட்டமே கொண்டுபோய் விட்டது. சௌகரியம்.

ஆஜர்:

பாண்டியண்ணன். திருநெல்வேலிப் பக்கம். முப்பது வருடம் பாத்திரம் உருட்டும் சத்தத்தில் வலது காது சுத்தமாக அவுட், இடது காது அரை.

ஸ்ரீதரன் மாமா. வடக்கு மாட வீதி, ரிட்டயர்டு பாங்க். ஆஃப்சைடு விதியை இவருக்கு விளக்கியே மூன்று பேர் ஆட்டம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

கஸ்தூரி. எங்கள் கேலரியின் கை. (கேலரி என்று பெயர். எட்டு சிமெண்ட் படி.) அவர் வலது கையைத் தூக்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலை மடக்கினால்தான் எங்கள் யாருக்கும் தொண்டை திறக்கும். எங்கள் பிளாட் இரண்டாம் மாடி டாக்டரம்மா வீட்டில் சமையல். பன்னிரண்டு வருடப் பழக்கம்.

விற்பனைக்கு இருந்த டம்ளரில் டீ. ஸ்டிக்கரோடு.

மாமா ஆரம்பித்தார். “தெப்பக்குளம்னு வைங்கோ. மேலேந்து பாத்தா நாலு பக்கமும் படி, நடுவுல பச்சை. அச்சு அசல் நம்ம குளம்தான்.”

“கொளத்துல எவன்வே பந்து ஆடுவான்? கோட்டைன்னு வையும். கேட்டாலே எதிராளி நடுங்கணும்.”

“கோட்டையா? போன வருஷம் எத்தனை கோல் உள்ள போச்சுன்னு ஞாபகம் இருக்கோ?”

பாண்டியண்ணன் அப்போது மட்டும் சுத்தமாகக் காது கேளாதவர் ஆகிவிட்டார்.

பிறகு எல்லோரும் தூரத்தைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பினோம். ரயில், அப்புறம் ஷேர் ஆட்டோ, அப்புறம் நடை. கஸ்தூரி டம்ளரைக் கீழே வைத்தார். “அவ்ளோ ஒண்ணும் தூரமில்ல சார். போய்க்கினே இருந்தா வந்துரும்.” சிரித்தோம். அவரும் சிரித்தார்.

நல்ல சேதி: அவர் பெண் தேவிக்கு (நர்ஸ், அடையாறில் ஓர் ஆஸ்பத்திரி) அங்கேயே லேபில் வேலை பார்க்கிற பையனோடு காதல். சைதாப்பேட்டைப் பையன். அவன் அம்மாதான் கொஞ்சம் இழுக்கிறாராம். 14-ஆம் தேதி ஞாயிறு வீடு பார்க்க வருகிறார்கள். ஸ்வீட் எங்கே என்றேன். “அந்தம்மா வந்து, உக்காந்து, சரின்னு சொல்லட்டும் சார். அப்பால ஸ்வீட்டு.”

விதி: ஐந்து பேர் கேட்டால் எந்தப் பெயரும் பட்டியலில் ஏறும். தேர்வு, 13-ஆம் தேதி சத்த ஓட்டு. பழைய திடலில் எங்கள் கடைசி ஆட்டம், இடைவேளையில். ஒவ்வொரு பெயருக்கும் எல்லோரும் கத்த வேண்டியது. எதிர்க் கோலில் பாண்டியண்ணன் முதுகு காட்டி நிற்பார். அவர் காதிலேயே விழுந்து கை தூக்கினால் அது ஜெயித்த பெயர். ஜெர்ஸிக்கு நிறம் தேர்ந்தெடுத்ததும் இப்படித்தான். இதைவிட நேர்மையான தேர்தல் நான் பார்த்ததில்லை.

எனக்கு ஒரு பெயர் தோன்றியிருக்கிறது. கூடு. நாரைகளின் கூடு! நானே சொன்னால் செயலாளர் தன் சரக்கைத் தள்ளுகிறார் என்பார்கள். ஐந்து கையெழுத்தும் ஐந்து பேனாவில் நானே போட்டுவிட்டேன். கடவுள் மன்னிப்பார், அவருக்கு கால்பந்து பிடிக்கும்.


செப். 6, சனி

பத்தி வந்துவிட்டது. தலைப்பு: “எங்களுக்கும் ஒரு மைதானம்.” எனக்கே பிடித்த பகுதியை இங்கே ஒட்டிக்கொள்கிறேன், கிழவனான பிறகு படித்துப் பார்த்துக்கொள்ள:

“புது மைதானத்துக்குப் போக ஒரு ரயில், ஒரு ஷேர் ஆட்டோ, கொஞ்சம் நடை, நிறைய நம்பிக்கை வேண்டும். வழியனுப்ப வருகிறவர்கள் மாலையோடு மந்தைவெளி ஸ்டேஷனுக்கு வரவும். திரும்பி வருவோர் பற்றித் தகவல் இல்லை. இதற்குச் செல்லப்பெயர் தேடிக் கமிட்டி வேறு. எதற்கு? அந்தமான் என்று வைத்தால் போயிற்று.”

காலை ஏழரையிலிருந்து போன். மாமா: “படிச்சேன் ஓய். வயிறு வலிக்கறது. ஆத்துல எல்லாருக்கும் வாசிச்சுக் காமிச்சேன்.” மெடிக்கல் ஷாப்காரர் தைலத்தைத் தரும்போதே “அந்தமான் சார்” என்றார். ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ கப்பலுக்கு நம் ஜெர்ஸி போட்டு, கீழே மைதான விலாசத்தோடு படம் செய்திருக்கிறார்கள். சிரிப்பு முகங்கள், எண்ணி முடியவில்லை. (எண்ணினேன். முடியவில்லை.)

வசந்தா படித்தாள். உதட்டின் இடது ஓரம் மட்டும் அசைந்தது.

“அங்க வீடுங்க எதுவும் இல்லையா?”

“ஏதோ அடுக்குமாடிங்க இருக்கு.”

“ம்.”

இந்த ம்-முக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்க வேண்டும். புகழ் போதையில் விட்டுவிட்டேன்.


செப். 8, திங்கள்

மேகமூட்டம். ஆபீசில் எல்லோரும் அந்தமான் என்றே பேசுகிறார்கள், கணபதி தவிர. அவர் மாப்பிள்ளைக்கு போர்ட் பிளேரில் வேலை. “அங்க நம்ம தெருவ விட நல்ல ரோடு சார். என்னமோ பாவப்பட்ட ஊர் மாதிரி எழுதிட்டீங்க.” அவருக்கு ஹாஸ்யம் புரியவில்லை என்று முடிவுகட்டி கேன்டீனுக்குப் போனேன்.

அந்தமானுக்கு ஐந்து கையெழுத்து எப்போதோ தாண்டிவிட்டது. குழுவின் பெயரையே மாற்றிவிட்டார்கள். இனி ஓட்டு சம்பிரதாயம்தான்.

சாயங்காலம் இரண்டாம் கூட்டம். கஸ்தூரி வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் வசந்தா உட்காரச் சொன்னாள். காபி இல்லாமல் உட்காரச் சொன்னால் விஷயம் பெரிது. டாக்டரம்மா சொல்லி இவளுக்குத் தெரிந்தது:

கஸ்தூரி நாங்கள் நினைத்திருந்தபடி கோட்டூர்புரத்தில் இல்லை. ஆற்றங்கரை வீடுகளை எட்டு வருடம் முன்பு எடுத்தபோதே மாற்றிவிட்டார்கள். எங்கே? புது மைதானத்துக்கு எதிரே, அந்த “ஏதோ அடுக்குமாடி”யில். அந்த விலாசம் சொன்னால் வேலைக்குக் கூப்பிடத் தயங்குகிறார்களாம். அதனால் எல்லோரிடமும் இன்னும் கோட்டூர்புரம்.

அந்தக் குடியிருப்புக்குள் போக ஒரே ரோடு. பெயர் எழுதப்போகிற சுவரைத் தாண்டித்தான் யாரும் போக வேண்டும். சைதாப்பேட்டை அம்மாளும் அப்படித்தான்.

அந்தம்மாவுக்கு நம் கப்பல் படம் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கெங்கோ சுற்றி. அதைத் தேவிக்கே அனுப்பி, “இதானா உங்க ஊரு?” என்று கேட்டிருக்கிறார். பின்னால் ஒரு சிரிப்பு முகம். அதற்கப்புறம் ஞாயிறு வருவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பன்னிரண்டு வருடம். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டதில்லை. என் முழங்காலைப் பற்றி மட்டும் பன்னிரண்டு வருடம் சொல்லியிருக்கிறேன்.

ராத்திரி சாப்பாடு: தயிர் சாதம். பாதியில் எழுந்து லீவு லெட்டரைத் தேடினேன்.


செப். 9, செவ்வாய்

லீவு லெட்டர் பயன்பட்டது.

அந்தமானை ஒழிக்க நான் செய்தவை:

1) குழுவில் எழுதினேன்: “அந்தப் பெயரை நான் வாபஸ் வாங்குகிறேன். யாரும் பயன்படுத்த வேண்டாம்.” பதில்: சிரிப்பு முகங்கள். “ரைட்டர் சார் செகண்ட் பார்ட் போட்டுட்டாரு.”

2) “சீரியஸாகச் சொல்கிறேன்” என்று எழுதினேன். அதற்கு இன்னும் அதிகச் சிரிப்பு. முப்பது வருடம் கஷ்டப்பட்டுச் சம்பாதித்த பெயர். நான் அழுதால்கூட ஜோக் என்றுதான் நினைப்பார்கள்.

3) பாண்டியண்ணனிடம், பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்றேன். காரணம் சொல்லவில்லை, சொல்வதற்கு அது என் விஷயம் இல்லை. “நீரு வச்ச பேருதானவே, உமக்கே ஆகாதா? விதி விதிதான். அஞ்சு பேரு கேட்டா ஏத்தணும். நீரு எழுதின விதி.”

4) மன்னிப்புப் பத்தி எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவு: மூன்றாம் வரியில் ஒரு ஜோக் நுழைந்துவிட்டது. அடித்தேன். இரண்டாம் வரைவு: ஜோக் இல்லை, ஆனால் என்னைப் பார்த்து எல்லோரும் பரிதாபப்படும்படி இருந்தது. மூன்றாம் வரைவு: இரங்கல் செய்தி.

ஜோக் அடிக்க இரண்டு நிமிடம். அடித்ததை எடுக்க வழியே கிடையாது போல.

வசந்தா: “நேர்ல போங்க.”

“என்ன சொல்றது?”

“அதையும் நானே எழுதித் தரணுமா?”


செப். 10, புதன்

போனேன்.

மந்தைவெளியில் ரயில். வேளச்சேரியில் இறங்கி ஷேர் ஆட்டோ. டிரைவர் முகமெல்லாம் பல்: “அந்தமானா சார்? ஏறு ஏறு.” எனக்குப் பக்கத்தில் துணிப்பையோடு ஒரு அம்மா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆட்டோவுக்கு ஜன்னலே கிடையாது.

அப்படியொன்றும் தூரமில்லை. போய்க்கொண்டே இருந்தால் வந்துவிடுகிறது.

மைதானச் சுவர் வெள்ளையடித்து நீளமாக, காலியாக. எதிரே வரிசையாக அடுக்குமாடி. கஸ்தூரி மூன்றாம் மாடி. லிப்டில் கோழி அடைத்திருந்தது.

கதவைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “லிப்டு ஓடலியே, முட்டி வலிய வச்சிக்கினு எப்டி சார் ஏறுன?”

தயார் செய்துகொண்டு போன நான்கு வாக்கியமும் அங்கேயே காலி.

வீட்டுக்கு வெளியே நீள நடை (வராந்தா). அங்கிருந்து பார்த்தால் மைதானம் தெரிகிறது. பாதி. ஒரு கோல் மட்டும். மறுபாதியைத் தண்ணீர்த் தொட்டி மறைக்கிறது. பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நடையில் ஏழெட்டுப் பெண்கள், பூண்டு உரித்துக்கொண்டே பார்க்கிறார்கள். நம் அணியில் பாதிப்பேரை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பக்கம் ஆடுகிற பாதி.

“அந்தாண்ட கோல் போட்டா எப்டித் தெரியும்?” என்றேன்.

“போட்டவன் இந்தாண்ட ஓடியாருவான்ல” என்றார் ஒரு பெண். “ஓடியாரலன்னா நமக்கு விழுந்துச்சின்னு அர்த்தம்.”

இத்தனை வருடத்தில் இதைவிடச் சுருக்கமான வர்ணனை நான் கேட்டதில்லை.

உள்ளே டீ. நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எழுதப்போவதில்லை, நன்றாகக் கேட்கவில்லை.

“கேட்டேன் சார். தேவிதான் படிச்சிக் காட்னா. சிரிச்சேன். பொய் இன்னாத்துக்கு, நல்லாத்தான் எழுதிகீற. அப்பால பாத்திரம் கழுவிக்கினே நெனச்சிப் பாத்தேன். வழியனுப்ப மாலையோட வாங்கன்னு போட்டியே. எங்கள வழியனுப்ப யாரு வந்தா? சாமான்லாம் லாரில ஏத்தி, மேல எங்களையும் ஏத்தி வுட்டாங்க. மழை வேற.”

கோபமே இல்லை குரலில். உப்பு கம்மி என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

“அடுத்த வாரம் பேப்பர்ல மன்னிப்புப் போட்டுடறேன்.”

“ஐய, அதெல்லாம் போட்டுக்கினு இருக்காத. படிக்காதவனும் தேடிப் புட்ச்சிப் படிப்பான்.”

“கஸ்தூரிம்மா, அந்தப் பேர் சுவத்துல ஏறிடும் போல இருக்கு. ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்க...”

“தெரியும் சார். அந்தம்மா வர்றாங்களோ இல்லியோ. வந்தாங்கன்னா மொதல்ல சுவருதான் தெரியும். எம் பொண்ணு தல குனிஞ்சிக்கினு டீ குடுக்கும். அத்த நெனச்சாதான்...” எழுந்து நடைக்கு வந்தார். நானும் வந்தேன்.

“எட்டு வர்சத்துல இங்க ஒரு பார்க்கு கூட வரல சார். இப்பதான் ஒண்ணு வந்துகீது. அதுவும் யாரு? என் டீமு. நாம போய்ப் பாத்த மேட்ச்சு, நம்ம வூட்டு வாசல்ல வந்து நிக்கிது. அதப் போயி அந்தமான்றாங்க.”

ஷேர் ஆட்டோ சத்தத்தில் மூளை கலங்கியிருந்தாலும் இது மட்டும் பளிச்சென்று விழுந்தது. பையில் பேப்பர் இல்லை. தைலச் சீட்டின் பின்புறம் எழுதினேன்: வாசல்.

“இதுவா? பேரா?” சீட்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். “சிம்பிளா கீதே.”

“அஞ்சு பேர் கேக்கணும்.”

கஸ்தூரி நடையில் நின்று ஒரு குரல் கொடுத்தார். பூண்டு வாசத்தோடு பதினோரு கையெழுத்து. ஒரு முழு அணி.

படியிறங்கும்போது சொன்னார்: “நீ யாருக்கும் ஒண்ணும் சொல்லாத. நான் எங்க கீறேன்னு நானே சொல்லிக்கறேன்.”

ரயிலில் வரும்போது, ஒரு மனிதர் நம்மைத் திட்டாமல் டீ கொடுத்து அனுப்பினால் அது எவ்வளவு நேரம் உடம்பில் நிற்கிறது என்று யோசித்துக்கொண்டே வந்ததில் மந்தைவெளி தாண்டிவிட்டது. திருமயிலையில் இறங்கி நடந்தேன்.


செப். 12, வெள்ளி

மத்தியானம் ஒரு தூறல். துணி எடுத்து முடிப்பதற்குள் வெயில்.

பட்டியல், வந்த வரிசைப்படி: கோட்டை. தெப்பக்குளம். கூடு. அந்தமான். வாசல்.

மாமா போன்: “கடைசியா ஏதோ வாசல்னு போட்டிருக்கேளே, யார் ஐடியா?” எனக்கு வாய் நமநமத்தது. சொல்லவில்லை. இரண்டு நாளாக யாரிடமும் சொல்லவில்லை. என் ஐம்பத்து மூன்று வருட வாழ்க்கையில் இது சாதனை. நாக்கில் கொப்புளம் வந்திருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்தேன்.

இந்த வாரப் பத்தி: கேஸ் சிலிண்டர் பற்றி. யார் மனமும் புண்படாது, சிலிண்டர் தவிர.

தேவிக்கு இன்னும் சேதி இல்லையாம்.


செப். 13, சனி

வெயில். லேசாகக் காற்று. பழைய திடலில் கடைசி ஆட்டம். கோல் கம்பத்தில் இன்றும் ஒரு துண்டு. நடுவரே மரியாதையாக மடித்து வைத்தார்.

வசந்தா வந்திருந்தாள்! முதல் தடவை. குடை, மோர் பாட்டில், மடிக்கிற நாற்காலி. “எது நம்ம பக்கம்?” என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

முதல் பாதி 0-0. நாங்கள் ஆடியதைப் பார்த்தால் இது பெரிய ஸ்கோர்.

இடைவேளை. பாண்டியண்ணன் எதிர்க் கோலுக்கு நடந்துபோய் முதுகு காட்டி நின்றார். நான் மெகாபோனில் பெயரைப் படிக்க, கஸ்தூரி கை தூக்கி விரல் மடக்க, கூட்டம் கத்த.

கோட்டை. சுமார். பாண்டியண்ணன் தான் சொன்ன பெயருக்கே அசையவில்லை. நேர்மையாளர்.

தெப்பக்குளம். மாட வீதிக்காரர்கள் ஏழு பேர், சுலோகம் சொல்கிற மாதிரி ஒரே சுருதியில்.

கூடு. நிசப்தம். அதில் ஒரே ஒரு குரல், குடைக்கடியிலிருந்து: “கூடு!” வசந்தா. அப்புறம் என்னிடம்: “அஞ்சு பேனா, ஒரே கையெழுத்து. பாவமா இருந்தது.” கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து இன்றுதான் அவளை அதிகம் காதலித்தேன்.

அந்தமான்.

கஸ்தூரி இதற்கும் கை தூக்கினார். ஒன்று. இரண்டு. விரல் கொஞ்சம்கூடத் தாமதிக்கவில்லை. மூன்று. அப்பா! அரசமரத்துக் காக்கையெல்லாம் கிளம்பிவிட்டது. எதிர்க் கோலில் பாண்டியண்ணனின் கை மெதுவாக மேலே போனது. முடிந்தது என்று நினைத்தேன். கூட்டம் கைகுலுக்கிக்கொண்டு வடை வாங்கக் கிளம்பியது.

“இன்னும் ஒரு பேர் இருக்கு” என்றேன். யாரும் திரும்பவில்லை. கஸ்தூரி என் கையிலிருந்து மெகாபோனை வாங்கிக்கொண்டார்.

“எல்லாரும் நில்லு. வடை எங்கியும் ஓடாது.”

நின்றார்கள். அந்தக் கைக்குப் பழகியவர்கள்.

“நான் அந்தமான்லருந்து வர்றேன்.”

சிரிப்பு.

“சிரிக்காத. மெய்யாலுமே. கிரவுண்டுக்கு எதிர்ல பிளாக்கு கீதே, மூணாம் மாடி. எட்டு வர்சமா அங்கதான் கீறேன்.”

பின்படியிலிருந்து யாரோ: “அக்கா, நீ கோட்டூர்புரம்னுதானே சொன்ன?”

“சொன்னேன். சொல்ல வச்சாங்க. இன்னிக்கி சொல்லல.” மூச்சு வாங்கிக்கொண்டார். “நீங்க இனிமே வரப்போறது என் வூட்டு வாசல். அவ்ளோதான். வந்தா தண்ணி குடுப்பேன். முட்டி வலிச்சா நாற்காலி போடுவேன். எதிர் டீமு வந்தா அவனுக்கும் தண்ணி குடுத்துட்டு அப்பால தோக்கடிப்போம். பேரு, வாசல். இப்ப எண்றேன். புடிக்கலன்னா கத்தாத, எனக்கு வருத்தமில்ல.”

இப்போது சிரிப்பு இல்லை. ஸ்ரீதரன் மாமா படியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் விடுமா. “தெப்பக்குளத்தை வாபஸ் வாங்கிக்கறேன். நேக்கு ஆத்துக்கிட்டயே ஒண்ணு இருக்கு. இவா வாசலுக்கே போவோம்.”

ஒன்று. இரண்டு.

மூன்று.

இந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எட்டுப் படிதானே, நாங்கள் எத்தனை பேர் இருப்போம். எங்கள் அணி வீரர்கள் தண்ணீர் பாட்டிலோடு திரும்பிக் கத்தினார்கள். எதிரணியில்கூட இரண்டு பேர். எனக்குத் தொண்டை போய்விட்டது. என் ஜோக்குக்கு எதிராக நானே கத்தி என் தொண்டை போனது நியாயம்.

பாண்டியண்ணன் கை தூக்கவில்லை. முழுதாகத் திரும்பி, திடலைத் தாண்டி நடந்தே வந்துவிட்டார். ஜெயித்ததா இல்லையா என்று கேட்டோம். “காதுல கேக்கலவே” என்றார். “முதுகுல கேட்டுச்சு. இதான் பேரு.”

ஆட்டம் 0-2. யாருக்கும் கவலை இல்லை.

ஆட்டம் முடிகிற நேரம் கஸ்தூரியின் போன் கூப்பிட்டது. தேவி. அந்தம்மா நாளைக்கு வருகிறாராம். வேறு ஒன்றும் சொல்லவில்லையாம். வீடு பார்க்கவா, வேண்டாம் என்று நேரில் சொல்லவா, தெரியாது.

கஸ்தூரிக்கு இன்று நான் பட்ட நன்றிக்கடனை எழுத இடம் போதாது. நாட்குறிப்பு சின்னது.


செப். 14, ஞாயிறு

காலை கருமேகம். பெயிண்டர் வானத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மழை வந்தால் அடுத்த வாரம்தான் என்றார். நான், மாமா, பாண்டியண்ணன், வசந்தா நாலு பேரும் பத்து மணிக்கே ஆஜர். செய்ய வேலை ஒன்றுமில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டோம். ஏணிக்கு அது தேவைப்படவில்லை.

நீல நிறம். முதல் எழுத்துக்கே ஒரு மணி நேரம். பூண்டுப் பெண்கள் எல்லோரும் இறங்கி வந்து ரோட்டின் இந்தப் பக்கம் நின்று மேற்பார்வை. “கோணலா கீது பாரு.” “உன் தல கோணல்.” பெயிண்டருக்கு மோர், சுண்டல், மறுபடி மோர். வசந்தா அரைமணியில் அத்தனை பேரின் பெயரும் தெரிந்துகொண்டாள். நான் பன்னிரண்டு வருடத்தில் செய்யாதது.

மேகம் கடல் பக்கம் நகர்ந்தது. இரண்டரைக்கு ஏணி இறங்கிற்று. தள்ளிப் போய் நின்று பார்த்தோம். மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார், பழக்க தோஷம்.

மாடியில் தேவி பச்சைப் புடவையில், மூன்று தடவை நடைக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கஸ்தூரி கேசரியை இறக்கிவிட்டு அப்படியே கரண்டியோடு கீழே வந்துவிட்டார். சுவரைப் பார்த்தார். முந்தானையால் முகம் துடைத்தார், வியர்வை மாதிரி.

மூணு பத்துக்கு போன். சைதாப்பேட்டை அம்மா. ஸ்பீக்கரில் போட்டுவிட்டார், கையெல்லாம் நெய்.

“ஷேர் ஆட்டோவுல வந்துக்கினுகீறோம். எங்க எறங்கணும்? அடையாளம் இன்னா சொல்றது?”

கஸ்தூரி கரண்டியை வசந்தா கையில் கொடுத்துவிட்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், கேலரியில் எண்ணுகிற அதே குரலில் சொன்னார்:

“வாசலுக்கு வாங்க சம்பந்தி. சுவத்துல பெருசா எழுதிகீது, தூரத்துலருந்தே தெரியும். அதுக்குக் கீழவே எறங்கி நில்லுங்க, நான் அங்கதான் கீறேன். சாயாதீங்க, பெயிண்ட் இன்னும் காயல.”